ஊதச் சொல்வது தவறா? யாரை ஊதச் சொல்கிறார்கள் என்பதே கேள்வி

(ஞாயிற்றுக்கிழமை குடும்பச் சந்திப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரம் முழுக்க வேலை, அதற்கு மேல் ஓவர்டைம். அப்படியும் ஓய்வு நாளில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அண்ணே, நான் குடிக்கிறதே இல்லை. ரோட்டில் நிறுத்தி ஊது என்று போலீஸ் சொல்றாங்க. இது என் சுதந்திரத்தில் கை வைப்பது இல்லையா?" அன்று பதில் சொல்ல நேரமில்லை. இன்று அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் எனக்குத் தெரிந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் சம்பவம் என் அக்கா மகனுடையது. தொழிற்சாலையில் மாலை ஷிப்டு. இரவு 11 மணிக்கு மேல் வேலை முடிந்து மோட்டாரில் வந்துகொண்டிருந்தான். வழியில் சாலைத் தடுப்பு. முன்னால் நின்ற கார்கள் கண்ணாடியை இறக்கின, இரண்டு வார்த்தை பேசின, போய்விட்டன. இவனை ஓரமாக வரச் சொன்னார்கள். ஊதச் சொன்னார்கள். ஊதினான். கருவியில் ஒன்றும் காட்டவில்லை. அதோடு விட்டார்களா? பையைத் திற, சாப்பாட்டு டப்பாவைத் திற, சட்டையைத் தூக்கு, பச்சை குத்தியிருக்கிறாயா, எந்தக் கும்பல்? முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "நான் என்னம்மா தப்பு செய்தேன்?"

இரண்டாவது சம்பவம் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது. கீழ் மாடியில் இருந்த ஓர் அம்மா துப்புரவு வேலைக்குப் போவார். விடியற்காலை 5.30க்குப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது ஒரு கார் மோதியது. அங்கேயே உயிர் போய்விட்டது. மூன்று பிள்ளைகள். கார் ஓட்டியவன் ஒரு கல்யாண விருந்தில் விடிய விடியக் குடித்துவிட்டு வந்தவன். அவனும் நம்மவன்தான். இதை மூடி மறைத்துவிட்டு உரிமை பேச எனக்கு மனம் வரவில்லை.

இந்த இரண்டு வீட்டுக் கண்ணீரையும் சேர்த்து வைத்துத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் பதில் பாதிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2020 அக்டோபர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை விட்டார்கள். இப்போது 50 மில்லிகிராம்தான். மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்த வரம்பு 22 ஆகிவிட்டது. இந்த வரம்பைத் தாண்டி ஓட்டினால் முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம். 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. லைசென்சும் போய்விடும். குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிரை எடுத்தால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம்.

இவ்வளவு கடுமை ஏன் வந்தது? 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோதே குடிபோதை விபத்துகளில் வரிசையாக உயிர்கள் போயின. அந்த மே மாதம் காஜாங் அருகே சாலைத் தடுப்பில் பணியில் நின்ற போலீஸ்காரர் ஒருவரே போதையில் வந்தவரின் வண்டி மோதி இறந்தார். அவருக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு.

சாலைத் தடுப்பு போடும் அதிகாரத்தை 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 26ஆவது பிரிவு தருகிறது. ஊதச் சொல்லும் அதிகாரம் வேறு. அது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45பி பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவு, கண்ணில் பட்டவரையெல்லாம் ஊதச் சொல் என்று சொல்லவில்லை. ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்க வேண்டும். அல்லது அவர் போக்குவரத்துக் குற்றம் செய்திருக்க வேண்டும். அல்லது விபத்தில் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது தக்க காரணம் இல்லாமல் மறுத்தால் அதுவே தனிக் குற்றம். தம்பிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் நின்று "ஊத மாட்டேன், என் உரிமை" என்று வாதாடினால் வழக்கு உங்கள் தலையில்தான் விழும்.

அப்படியானால் சுதந்திரம்?

நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதி, சட்டப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. 9ஆவது விதி நடமாடும் உரிமையைத் தருகிறது. 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு படி மேலே போய், 5ஆவது விதி காக்கும் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று சொன்னது. என் மூச்சு என்னுடையது, என் பை என்னுடையது என்று சொல்ல ஏழைத் தொழிலாளிக்கும் இடமுண்டு.

ஆனால் அதே விதியில் "உயிர்" என்ற சொல் "சுதந்திரம்" என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோன அந்த அம்மாவுக்கும் அந்த விதி சொந்தம். குடித்துவிட்டு வண்டி ஓட்டும் உரிமை என்று ஒன்று எந்த அரசமைப்பிலும் கிடையாது. அரை நிமிடம் நின்று ஒரு குழாயில் ஊதுவதால் ஓர் உயிர் மிஞ்சும் என்றால், அந்த அரை நிமிடத்தைக் கொடுக்க நான் தயார். நீங்களும் தயாராக இருப்பீர்கள்.

பிறகு எங்கே வலிக்கிறது? என் அக்கா மகனுக்கு வலித்தது ஊதியதால் அல்ல. கார்கள் எல்லாம் போக, தன்னை மட்டும் தேர்ந்தெடுத்தார்களே, அதனால்தான். "நியாயமான சந்தேகம்" என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சந்தேகம் வாயில் வரும் வாடையிலிருந்து வந்ததா, வண்டி தடுமாறியதிலிருந்து வந்ததா, தோலின் நிறத்திலிருந்து வந்ததா? கேட்பார் இல்லை.

இந்த வேறுபாட்டை வெளிநாட்டு நீதிமன்றங்களும் பார்த்திருக்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல் ஒரு தீர்ப்புச் சொன்னது: காரணம் எதுவும் இல்லாமல், தனக்குத் தோன்றிய வண்டியை ஒரு போலீஸ்காரர் நிறுத்திச் சோதிக்கக்கூடாது. அதே நீதிமன்றம் 1990இல் மிச்சிகன் மாநிலத்து வழக்கில், வந்த வண்டிகளையெல்லாம் சிறிது நேரம் நிறுத்திப் பார்க்கும் மதுச் சோதனைத் தடுப்பை அனுமதித்தது. அங்கே ஒரு வண்டிக்குச் சராசரியாக 25 விநாடிதான் ஆனது. அந்த மாநிலத்தின் சொந்த நீதிமன்றம் 1993இல் அதையும் ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பாடம் தெளிவு. எல்லாரையும் நிறுத்துவது ஒன்று, ஆளைப் பார்த்து நிறுத்துவது வேறொன்று.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பர் முதல் சந்தேகமே தேவையில்லை. நிறுத்தப்பட்ட ஓட்டுநர் யாராக இருந்தாலும் ஊதத்தான் வேண்டும். அதன்பின் அங்கே சாலை மரணங்கள் குறைந்தன. வக்கீலும் ஊதுகிறார், லாரி டிரைவரும் ஊதுகிறார். எல்லாரும் ஊதும்போது யாருக்கும் தலைகுனிவு இல்லை.

"அண்ணே, போலீசுக்கு இன்னும் அதிகாரத்தைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை எடுத்துவிடச் சொல்கிறேன்.

நமக்கு ஏன் பயம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் இறந்த இளைஞரை நாம் மறக்கவில்லை. அந்த வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம் போலீஸ் தரப்பையே பொறுப்பாக்கி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்கும் முன்பே, 2005இல், அரச ஆணையம் போலீஸ் படையைச் சீர்திருத்த 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க அதிகாரமுள்ள சுயேச்சை ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. 18 ஆண்டு கழித்து, 2023 ஜூலையில் ஓர் ஆணையம் வந்தது. ஆனால் தவறு செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பரிந்துரை மட்டும்தான் செய்யலாம். இந்த நிலையில், "போலீஸை நம்புங்கள்" என்று வெறுமனே சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்?

ஆகவே நம் கோரிக்கை சோதனையை நிறுத்து என்பதல்ல. நான்கு விஷயங்களைக் கேட்கிறோம்.

ஒன்று, மதுச் சோதனைத் தடுப்பு போட்டால் வருகிற எல்லாரையும் ஊதச் சொல்லுங்கள். கூட்டம் அதிகம் என்றால் வரிசையில் ஒவ்வொரு 5ஆவது வண்டி என்று கணக்கு வையுங்கள். எந்த வண்டி என்பதை எண்ணிக்கை முடிவு செய்யட்டும், முகம் வேண்டாம். சட்டத்தை அதற்கேற்பத் திருத்துங்கள்.

இரண்டு, மூச்சுச் சோதனை மூச்சோடு முடியட்டும். ஒன்றும் இல்லை என்று கருவி காட்டினால், "நன்றி, போகலாம்" என்று அனுப்புங்கள். அதையே சாக்காக வைத்துப் பையையும் சட்டையையும் கிளறக்கூடாது.

மூன்று, தடுப்பில் நிற்பவரின் பெயரும் எண்ணும் வெளியே தெரியட்டும். சட்டையில் கேமரா ஓடட்டும். அது நேர்மையான போலீஸ்காரருக்கும் பாதுகாப்புத்தான்.

நான்கு, எத்தனை பேரை நிறுத்தினார்கள், அவர்கள் எந்த இனத்தவர், எத்தனை பேர் வரம்பைத் தாண்டியிருந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பாரபட்சம் இல்லை என்றால் கணக்கைக் காட்டுவதில் என்ன தயக்கம்?

இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

நிறுத்தினால் எஞ்சினை அணையுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். ஐசியையும் லைசென்சையும் காட்டுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். ஊதுவதற்குப் புதிய குழாய் கேளுங்கள். அதிகாரியின் பெயரையும் எண்ணையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிடித்து வைத்தால், "துவான், அடாக்கா சாயா டித்தாங்காப்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் கைதானவர்களுக்கு இலவசமாக உதவி வருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஐம்பது வெள்ளியை மடித்து நீட்டாதீர்கள். "காப்பிக்காசு" என்று செல்லமாகச் சொன்னாலும் அது லஞ்சம்தான், கொடுப்பவரும் குற்றவாளிதான். இன்று நீங்கள் நீட்டும் அந்தக் காசுதான் நாளை உங்கள் பிள்ளையை ஓரங்கட்ட வைக்கிறது.

கடைசியாக ஒன்று. தோட்டத்தில் கள்ளுக்கடையும் சம்சுவும் நம் தாத்தா, அப்பா காலத்துச் சம்பளத்தை எப்படித் தின்றன என்பது இங்கே பலருக்குத் தெரியும். லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். போத்தலையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், எதுவாக இருந்தாலும் மண்டபத்துக்கு வெளியே காரின் பின்பக்கம் திறந்துதான் இருக்கிறது. குடிப்பவரைத் திருத்த இன்று நான் வரவில்லை. சாவியை வாங்கி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். அண்ணன் கோபித்துக்கொள்வார், மாமா முறைப்பார். பரவாயில்லை. காலையில் உயிரோடு எழுந்து வந்து சாவியைக் கேட்கட்டும்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ஊதச் சொல்வதால் சுதந்திரம் போய்விடாது. உங்களை மட்டும் ஊதச் சொல்லும்போதுதான் போகிறது. சாலைத் தடுப்பில் நாமும் நிற்போம், ஊதுவோம். பக்கத்துக் காரில் இருப்பவரும் அதே மாதிரி நின்று ஊதட்டும். அதற்காகத்தான் இந்தப் போராட்டம்.

பிள்ளைகளோடு வந்திருப்பவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.