டைம்ஷேர்: புதிதா, கைமாறியதா?



வருஷம் ஒரு வாரம் பேரக்குழந்தைகளோடு மஹாபலேஷ்வரில் தங்கலாமே என்று டைம்ஷேர் வாங்க யோசித்தேன். 1980களிலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்ட ஏற்பாடுதான். எனக்குச் சொன்ன விலை, புதிதாக 25 வருஷத்துக்கு 4 லட்சம். அதாவது வருஷத்துக்கு 16,000 ரூபாய். அத்திம்பேர் தன்னுடையதில் மீதமுள்ள 9 வருஷத்தை 90,000க்குத் தருவதாகச் சொன்னார்; வருஷத்துக்கு 10,000. மலிவுதானே?

ஆனால் பராமரிப்புக் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே: வருஷம் 20,000. போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அதுவும் ஏறிக்கொண்டே போகும். அதையும் சேர்த்து 7 இரவால் வகுத்தால், புதியது ஓர் இரவுக்கு சுமார் 5,140, பழையது 4,290. அந்த வாடகைக்கு நல்ல அறை கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கைமாறி வாங்குவோர் கேட்க வேண்டியவை: கட்டண பாக்கி உண்டா? பெயர் மாற்றச் செலவு எவ்வளவு? கம்பெனி எழுத்தில் சம்மதம் தருமா? எந்த சீசன்?

கடைசிக் கேள்வியில்தான் நான் விழித்துக்கொண்டேன். அத்திம்பேருடையது ஜூலை சீசன்; அங்கே அப்போது அடைமழை. குழந்தைகளுக்கு விடுமுறையோ மே மாதம்.

உறவாயிற்றே, வேண்டாமென்று சொல்ல நாக்கு எழவில்லை. கணக்கை எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "நான் வாங்கும்போது யாரும் இப்படிப் போட்டுக் காட்டவில்லையேடா" என்றார்.

புதியதையும் நான் வாங்கவில்லை. மே மாதத்துக்கு வாடகை அறைதான். நீங்களும் கணக்குப் போட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.