புகையும் முகமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் முதுமொழி. உள்ளத்தைக் குறித்து எழுந்த அம்மொழி உடலுக்கும் பொருந்துவதே. புகைத்தல் நுரையீரலுக்கும் இருதயத்துக்கும் இழைக்கும் தீங்கை யாவரும் அறிவர். அப்புகை முகத்தில் எழுதிச் செல்லும் கணக்கையும், அதனைச் சத்திரசிகிச்சையால் அழிக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் இடரையும் பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

1985ஆம் ஆண்டில் டக்ளஸ் மொடல் என்னும் வைத்தியர், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 'புகைப்பவர் முகம்' என்றொரு குறியை விவரித்தார். ஆழ்ந்த கோடுகள், கன்னம் ஒட்டி எலும்பு துருத்திய தோற்றம், சாம்பல் படிந்தாற்போன்ற நிறம் ஆகியன அதன் அடையாளங்கள். அவர் பார்த்த நோயாளருள், தொடர்ந்து புகைத்து வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இக்குறி காணப்பட்டது. புகைத்தே அறியாதோரிடம் காணப்படவில்லை.

இது பரம்பரையின் விளைவாகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வினாவே. அதற்கு விடை கூற இரட்டையரினும் சிறந்த சான்று வேறில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், டுவின்ஸ்பேர்க் என்னும் ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் விழா நடைபெறுகின்றது. அங்கு வந்த, உருவொத்த 79 சோடி இரட்டையரின் முகப்படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியாயிற்று. சில சோடிகளில் ஒருவரே புகைப்பவர். ஏனையவற்றில் ஒருவர் மற்றவரினும் ஐந்தாண்டேனும் கூடுதலாகப் புகைத்தவர். எவர் புகைப்பவர் என்பதை அறியாதவர்களே படங்களை மதிப்பிட்டனர். கூடுதலாகப் புகைத்தவரிடமே கண்ணின் கீழ்ப் பையும் மேலுதட்டுச் சுருக்கமும் மிகுந்திருந்தன.

காரணம் யாது? நிக்கொட்டின் தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனினும் ஏறத்தாழ 200 மடங்கு வலிமையுடன் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கின்றது. ஆகவே வரும் இரத்தமும் குறைவு. அது சுமந்துவரும் ஒட்சிசனும் குறைவு. இதனோடு, தோலுக்கு உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் நாரைச் சிதைக்கும் நொதியங்களும் பெருகுகின்றன.

முகச் சுருக்கத்தை நீக்கும் சத்திரசிகிச்சையில், வைத்தியர் தோலை அடியிலிருந்து பிரித்து, இழுத்து, மிகுதியை வெட்டித் தைக்கின்றார். பிரிக்கப்பட்ட தோலின் விளிம்பு, எஞ்சிய சில நுண்குழாய்களின் இரத்தத்தையே நம்பி உயிர் வாழ்கின்றது. அவையும் சுருங்கினால் அவ்விளிம்பு கறுத்து மடியும். இச்சிகிச்சை பெற்ற 1186 பேரைப் பற்றி 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இவ்வாறு தோல் மடியும் இடர் புகைப்போருக்கு 12 மடங்கிற்கு மேல் என்று கண்டது. சுருக்கத்தைத் தந்த புகையே, சுருக்கத்தை நீக்கும் வழியையும் அடைத்து நிற்கின்றது!

இஃது அழகை நாடுவோருக்கு மட்டும் உரிய செய்தியன்று. தீக்காயத்துக்குத் தோல் ஒட்டுவோரும், புற்றுநோயால் இழந்த மார்பகத்தை மீள அமைத்துக்கொள்வோரும் இதே இரத்தவோட்டத்தையே நம்பியிருக்கின்றனர்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. சத்திரசிகிச்சைக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்னரேனும் புகைத்தலை விட்டவருக்குச் சிக்கல்கள் குறைகின்றன என உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்துரைத்தது. காயம் ஆறும்வரை பின்னரும் விலகியிருத்தல் வேண்டும். சுருட்டிலும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும், நிக்கொட்டின் கலந்த மின்சிகரெட்டிலும் அதே நஞ்சு உண்டு என்பதை மறத்தலாகாது.

இறுதியாக ஒன்று. வீட்டாருக்கு அஞ்சிப் புகைப் பழக்கத்தை மறைப்போர் பலர். கத்தியை எடுக்கும் வைத்தியரிடம் அதனை மறைக்க வேண்டாம். அவர் கேட்பது உங்களைக் கண்டிப்பதற்கன்று. சிகிச்சையைச் சில வாரங்கள் ஒத்திவைத்தேனும் உங்கள் தோலைக் காப்பதற்கே.