ரேணிக் காட்டின் காவல்



திருக்கோகர்ணத்தில் வாழ்கிற எங்களுக்கு மலை என்றால் பெரும்பாலும் பாறைதான். பாறையைக் குடைந்தே கோகர்ணேசுவரருக்குக் கோயில் எடுத்த ஊர் இது. இங்குள்ள மொட்டைக் குன்றுகள் மழைநீரைக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் வழியவிடுவதோடு தம் கடமையை முடித்துக்கொள்கின்றன. இமயமலைச் சிற்றூரார்க்கோ மலை என்பது காடு. விறகும், மாட்டுத் தீவனமும், மூலிகையும், ஊற்று நீரும் அங்கிருந்தே வரவேண்டும்; சரிவிலுள்ள மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் அதே காடுதான். இதை மனத்திற்கொண்டால்தான் கௌரா தேவி அம்மையார் செய்த செயலின் பெருமை விளங்கும்.

இன்றைய உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், லாதா என்னும் சிற்றூரில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். திபெத்தோடு வாணிகம் செய்து பிழைத்த போட்டியா என்னும் மலைக்குடியைச் சேர்ந்தவர். இளமையிலேயே ரேணி என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு, 22ஆம் வயதில் கணவரை இழந்தார். கையில் ஒரு சிறுமகன். பள்ளிப் படிப்பு இல்லை. 1962இல் சீனப் போர் மூண்டபின் திபெத்து வாணிகமும் நின்றுபோயிற்று. நிலமும் காடுமே அம்மக்களுக்குப் பற்றுக்கோடாயின. 1972இல் ரேணியில் மகளிர் சங்கம் அமைந்தபோது, ஊர்ப் பெண்கள் இவரையே தலைவராக்கினர்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1970இல், அளகநந்தாவில் பெருவெள்ளம் வந்து பாலங்களையும் ஊர்களையும் அழித்துச் சென்றது. மேலே மரங்களை வெட்டியதே இதற்குக் காரணம் என்று கோபேசுவரத்துச் சண்டிப்பிரசாத் பட் ஊர் ஊராகச் சென்று எடுத்துரைத்தார். வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கண்ட வழி. 'சிப்கோ' என்ற பெயருக்குப் பொருள் அதுவே.

ஆயினும் ரேணிக் காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் போயின. 1974 மார்ச் 26 அன்று, இராணுவத்துக்கு எடுத்த நிலங்களுக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லி, ஊர் ஆடவரைச் சமோலிக்கு வரவழைத்திருந்தனர். அன்றைக்கே மரம் வெட்டுவோரும் வந்திறங்கினர். இதைத் தற்செயல் என்று நம்ப என்னால் இயலவில்லை. ஆள்கள் காட்டுக்குப் போவதைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து கௌரா தேவியிடம் சொன்னாள். அவர் அடுப்படியிலும் தொழுவத்திலும் இருந்த பெண்களைக் கூட்டினார். சிறுமியரும் சேர்ந்து 27 பேர். காட்டை அவர்கள் தாய்வீடு என்றே அழைத்தனர். ஒருவன் துப்பாக்கியைக் காட்டியும் அம்மையார் விலகவில்லை. வெட்ட வந்தவர்களும் கூலிக்கு வந்த ஏழைகளே என்பதை உணர்ந்து, அவர்களிடம் பகை பாராட்டாமல் எடுத்துச் சொன்னார். அவர்கள் திரும்பிப் போயினர். பெண்களோ இரவு முழுதும் காவல் இருந்தனர்.

அதன்பின் அரசு, தாவரவியல் அறிஞர் வீரேந்திரகுமார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அளகநந்தாவின் மேற்பகுதியில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். காடு வேறு, மரத்தோப்பு வேறு. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் தைலமரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு என்று பெயர் வைப்பார்கள். ஆட்டுக்குக் கூட அதில் ஒரு வாய்த் தழை கிடையாது. ரேணிப் பெண்கள் காத்தது மரத்தின் எண்ணிக்கையை அன்று, தங்கள் பிழைப்பை.

ஆகவேதான் பிற்பாடு நடந்தது கசப்பானது. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அமைந்தபோது, தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த மேய்ச்சல் வெளிகள் அவ்வட்டாரத்து மக்களுக்கே அடைபட்டன. வெட்டுவோரிடமிருந்து காட்டை மீட்டவர்கள், காப்பதற்கென வந்த சட்டத்தால் அதன் வாசலில் நிறுத்தப்பட்டனர்! அம்மையார் 1991இல் காலமானார்.

ரேணிக்கு அருகே ரிஷிகங்கை ஆற்றில் நீர்மின் நிலையம் ஒன்று எழுந்தது. வெடி வைத்துப் பாறை பிளப்பதைக் குறித்து, 2019இல் ரேணிவாசி ஒருவர் உயர்நீதிமன்றம் வரை சென்றார். 2021 பிப்ரவரி 7 அன்று, மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து, ஆற்றில் வெள்ளமாய்ப் பாய்ந்து, அந்நிலையத்தை அடித்துச் சென்றது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். ஊர் நின்ற சரிவும் அரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம், ரேணியில் இருந்த கௌரா தேவியின் சிலையைப் பெயர்த்து ஜோஷிமடத்துக்குக் கொண்டுசென்றனர். அந்த ஜோஷிமடத்திலும் 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து, நூற்றுக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன.