அந்த நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அம்மா!

நான் கேமரன் மலை, கம்போங் ராஜாவில் தையல் மெஷினை நம்பிப் பிழைப்பவள்.

சேலைக்குள் கட்டும் பாவாடை ஆதியிலிருந்தே நம்முடையது என்று நினைக்கிறோம். இல்லை ஐயா! அது விக்டோரியா ராணி காலத்தில் பரவிய பழக்கம். வங்காளத்தில் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் தாகூரின் அண்ணி ஞானதானந்தினி தேவி.

அன்றைய வெள்ளைக்காரச் சீமாட்டிகள் பாவாடைமேல் பாவாடை கட்டி, பாரம் தாங்காமல் தவித்தார்கள். 1881-இல் லண்டனில் அதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். உள்ளுடுப்பு மொத்தமும் 7 பவுண்டுக்கு, அதாவது 3 கிலோ சொச்சத்துக்கு மேல் போகக்கூடாது என்றது அந்தச் சங்கம்! பாரத்தை இடுப்பு முழுக்கப் பரப்ப, தையல்காரர்கள் அகலப் பட்டி வைத்துத் தைத்தார்கள்.

நாம்? இன்னும் அதே சுருக்கு நாடா! தேயிலைக் காட்டில் கூடை சுமந்த என் அம்மாவின் இடுப்பைச் சுற்றி இன்றும் கறுப்புத் தழும்பு. சேலையை இறுக்கிக் கட்டிய இரண்டு பெண்களுக்கு, இடுப்புப் புண்ணே தோல் புற்றாக மாறியதாக 2024-இல் இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நாலு விரல் அகலப் பட்டி வைத்துத்தான் தைக்கிறேன். கூலி கூடக் கேட்பதில்லை. மானம் காக்கக் கட்டிய கயிறு உயிரைக் கேட்கலாமா, ஐயா?