இலேசான தோட்டாவும் இசைவான துப்பாக்கியும்



பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றிய பேச்சும் இந்நாளில் எழுவதுண்டு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களைப் பெற்றதை நாம் அறிவோம். அவருக்குப் பயிற்சி அளித்த ஜஸ்பால் ராணா, 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் கைத்துப்பாக்கிப் போட்டியில் 600க்கு 590 பெற்று, அந்நாளைய உலக சாதனையைச் சமன் செய்தவர். இத்தகையோரின் கையையும் கண்ணையும் புகழ்வோர் பலர். கையிலிருக்கும் கருவியைப் போட்டிக்கு எவ்வாறு இசைவிக்கிறார்கள் என்பதைச் சொல்வோர் சிலரே. அதனையே இன்று நாம் எடுத்துக்கொள்வோம்.

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டே வெளிப்படும். ஆயின், வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும் வேலையைக் கருவி தானே செய்துகொள்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? குண்டை முன்னே செலுத்தும் அதே வெடிப்பின் உதைப்புத்தான் மேலுள்ள இரும்புப் பகுதியைப் பின்னே தள்ளுகிறது. ஆங்கிலத்தில் ஸ்லைடு எனப்படும் அப்பகுதியை நாம் சறுக்கி என்று சொல்லிக்கொள்வோம். வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் பேச அச்சொல் போதும். பின்னே சென்ற சறுக்கியை ஸ்பிரிங் ஒன்று மீண்டும் முன்னே செலுத்துகிறது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் உண்டு. ஜான் பிரௌனிங் அமைத்த .45 அளவுக் கைத்துப்பாக்கியை அந்நாட்டு இராணுவம் 1911ஆம் ஆண்டு ஏற்றது. அதன் போர்க்குண்டு 230 கிரெயின், அதாவது ஏறத்தாழ 15 கிராம். ஸ்பிரிங்கின் வலிமை 16 பவுண்டு. அதே துப்பாக்கியை ஒஹையோ மாநிலத்துக் காம்ப் பெர்ரி போன்ற இடங்களில் இலக்குப் போட்டிக்கும் கொண்டுவந்தார்கள். 25 கஜத் தொலைவில், ஒற்றைக் கையால், 10 விநாடிக்குள் 5 குண்டுகள் சுடவேண்டும். காகிதத்தைத் துளைக்கப் போர்க்குண்டின் வேகம் எதற்கு? உதைப்பு மிகுந்தால் குறி மேலே தாவும். அதை மீட்டு நிறுத்துவதிலேயே பொழுது போய்விடும். ஆகவே 185 கிரெயின் போன்ற சிறிய குண்டையும் குறைந்த மருந்தையும் கொண்ட இலேசான தோட்டாவை நாடினர்.

அங்கேதான் சிக்கல் தோன்றியது. உதைப்புக் குறைந்தமையால், 16 பவுண்டு ஸ்பிரிங்கை எதிர்த்துச் சறுக்கி முழுத்தூரம் செல்லவில்லை. வெற்றுக்கூடு வெளியேறாமல் வாயிலில் புகைபோக்கி போல நட்டுக்கொண்டு நிற்கும். அல்லது அடுத்த தோட்டாவை எடுக்காமலே சறுக்கி மூடிக்கொள்ளும். விதிகள் மறுவாய்ப்பு அளித்தாலும், கலைந்த மனத்தை எந்த விதி மீட்டுத்தரும்? ஆகையால் ஸ்பிரிங்கை 12 பவுண்டு அளவுக்குத் தளர்த்தினர். 1957ஆம் ஆண்டு கோல்ட் நிறுவனம் வெளியிட்ட கோல்ட் கப் துப்பாக்கியில் சறுக்கியின் எடையையே குறைத்தார்கள்.

தளர்த்துவதற்கும் எல்லை உண்டு. ஸ்பிரிங் மிகவும் தளர்ந்தால் சறுக்கி பின்னே சென்று உடற்பகுதியில் ஓங்கி மோதும். நாளடைவில் இரும்பு விரிசல் காணும். அன்றியும், அடுத்த தோட்டாவை அறைக்குள் முழுதும் தள்ள அதற்கு வலிமை போதாது. தரையில் விழும் வெற்றுக்கூடுகளே இங்கு நல்ல சாட்சி. அவை நெடுந்தொலைவு பறந்தால் ஸ்பிரிங் தளர்வு. காலடியில் சோம்பி விழுந்தால் இறுக்கம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

தோட்டாவை முதலில் முடிவு செய்து, பின்னரே அதற்கேற்ற ஸ்பிரிங்கைத் தேடுவது முறை. இரண்டையும் ஒருசேர மாற்றினால் குற்றம் எதனிடம் என்று தெரியாது. பழைய ஸ்பிரிங்கை வெட்டிக் குறுக்கும் சிக்கனத்தை நாம் ஒப்புவதில்லை. புதியதன் விலை சொற்பமே. சோதனையும் போட்டியிற் போலவே ஒற்றைக் கையால் நடைபெற வேண்டும். மணிக்கட்டுத் துவண்டால் துப்பாக்கி முழுவதுமே பின்னே நகரும். சறுக்கியின் ஓட்டம் குறைந்து, நல்ல ஸ்பிரிங்கின் மேல் வீண்பழி விழும்.

மருந்தைக் குறைத்துக்கொண்டே போவது ஆபத்து. வேகம் போதாத குண்டு குழலின் நடுவே நின்றுவிடக்கூடும். அதனை அறியாது அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். கை போகலாம், கண் போகலாம். ஓசை வழக்கத்தினும் மெலிந்து கேட்டால் அக்கணமே நிறுத்தி, தோட்டாக்களை அகற்றிக் குழலைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தோட்டா செய்யவும் உரிமம் வேண்டும். ஆதலின் நம் வீரர்க்கு உகந்தது, ஆலையில் செய்த இலேசான தோட்டாவைத் தேர்ந்து, ஸ்பிரிங் வேலையை உரிமம் பெற்ற தொழிலறிஞரிடம் ஒப்படைப்பதே.

சென்டர் ஃபயர் போட்டியில் பலர் கையாளும் .32 தோட்டாவின் கதை சற்று வேறு. அது 1896ஆம் ஆண்டு சுழல் துப்பாக்கிக்கென்று பிறந்தது. அடியில் விளிம்பு உடையது. மாகசீனில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னே இருக்கவேண்டும். தவறினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். போட்டிக் குண்டின் முகமும் தட்டையானது. அதனால் காகிதத்தில் துளை வட்டமாக, வெட்டியெடுத்தாற்போல் விழும். மதிப்பெண் எண்ணுவது எளிது. ஆனால் கூரிய மூக்கு இல்லாமையால் அறைக்குள் நுழைவதற்கு வழிகாட்டல் குறைவு. இவ்வகைத் துப்பாக்கியில் தோட்டா சிக்கினால் ஸ்பிரிங்கைத் தொடுமுன் மாகசீனின் உதடுகளைப் பார்ப்பதே நன்று.

இத்தனையும் இசைந்தபின் ஒரு வேலை எஞ்சியுள்ளது. தோட்டா மாறியதும் குண்டு விழும் இடமும் மாறியிருக்கும். பழைய குறியை நம்பாமல், அதே தோட்டாவைக் கொண்டு இலக்கில் சுட்டுப்பார்த்து, குறிகாட்டியைப் புதிதாகத் திருத்தி வைக்கவேண்டும்.