கடன் அடைந்ததா? சூரிய மின்தகட்டின் ஆற்றல் கணக்கு

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் மாணவர் விடுதியின் மாடியில் சூரிய மின்தகடுகள் அமைக்கலாம் என்னும் யோசனை சென்ற செயற்குழுவில் எழுந்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் தகட்டைச் செய்வதற்கு எவ்வளவோ மின்சாரம் செலவாகிறதாம். அந்த மின்சாரத்தைக்கூட அது தன் ஆயுளில் திருப்பித் தராது என்கிறார்கள். அப்படியானால் யாரோ ஒருவர் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு நம் வீட்டில் விளக்கேற்றியதாக ஆகாதா?" என்றார். சிலர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க இயலவில்லை. கேள்வி நியாயமானது, விடையோ அன்று என்னிடம் இல்லை. அதன்பின் தேடிப் படித்தவற்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கடன் என்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாட்டன் வாங்கிய நெல்லுக்குப் பேரன் பண்ணையில் உழைத்த காலம் ஒன்றிருந்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே அந்தக் கடன்களைச் செல்லாதவை ஆக்கிற்று. அவை தலைமுறைகளாக அடையாமற் போனது நம்மவர் உழைக்காததாலன்று. கணக்கேடு ஆண்டையின் கையில் இருந்ததால்தான். ஆகவே எந்தக் கடனைப் பற்றிப் பேசினாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. வாங்கியது எவ்வளவு? திருப்பியது எவ்வளவு? ஏட்டை எழுதியவர் யார்? எழுதிய ஆண்டு எது?

முதலில் வாங்கியதைப் பார்ப்போம். பெரும்பாலான தகடுகள் சிலிக்கானால் ஆனவை. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லைக் கரியுடன் சேர்த்து, ஏறத்தாழ 1,900 பாகை வெப்பமுள்ள மின் உலையில் இட்டுச் சிலிக்கானைப் பிரிக்கிறார்கள். இதற்கே கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட் மின்சாரம் ஆகிறது. அதனை வாயுவாக்கித் தூய்மை செய்வதுதான் பெருஞ்செலவு. முன்பு கிலோவுக்கு 100 யூனிட்டுக்கு மேல் விழுங்கிய அந்த வேலை, இன்று ஏறத்தாழ அதில் பாதியளவில் முடிகிறது. பின்னர் 1,414 பாகையில் உருக்கிப் படிகக் கட்டியாக வளர்த்து, மெல்லிய கம்பியால் வில்லைகளாக அறுக்கிறார்கள். அறுக்கும்போது ஒரு பகுதி தூளாக உதிர்ந்து வீணாகிறது. அதன் மேல் கண்ணாடி, சுற்றிலும் அலுமினியச் சட்டம். அலுமினியத்துக்கு மட்டும் கிலோவுக்கு 14 யூனிட் அளவில் மின்சாரம் வேண்டும். எனவே தகடு பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறது. இதை மறைப்பது அறிவியலாகாது.

அப்படியானால், கடன் அடையாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியபோது, விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கே மின்சாரமாயிற்று. 1958-இல் வான்கார்டு செயற்கைக் கோளில் ஏறிய கலங்கள் விண்வெளிக்காகச் செய்யப்பட்டவை. அங்கே ஆற்றல் கணக்கை எவரும் பார்க்கவில்லை. பூமியில் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வலுத்தபோதுதான் கணக்குப் பார்த்தார்கள். 1976-இல் வெளிவந்த ஆய்வுகளில் ஒன்று, கடன் அடையச் சுமார் 12 ஆண்டுகள் ஆகும் என்றது. மற்றொன்று 40 ஆண்டுகள் வரை ஆகலாம் என்றது. அன்றைய தடித்த வில்லைகளுக்கும், சிறு ஆலைகளுக்கும், குறைந்த திறனுக்கும் அவை போட்ட கணக்குகள். அவற்றைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன், அவை பழங்கணக்கு.

அதன்பின் நடந்தது என்ன? வில்லை மெலிந்தது. தூய்மை செய்யும் முறை திருந்தியது. இன்று சந்தையில் கிடைக்கும் தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஒளியை மின்சாரமாக்குகின்றன. ஜெர்மனியின் பிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் தொகுத்த கணக்கின்படி, 2004-ஐ ஒட்டி ஒரு வாட் திறனுக்குச் சுமார் 16 கிராம் சிலிக்கான் தேவைப்பட்டது. இன்று இரண்டு மூன்று கிராம் போதும். கடன் இவ்வாறு சுருங்க, வரவு பெருகியது. எனவே, நல்ல வெயில் உள்ள நாடுகளில் தகட்டின் ஆற்றல் கடன் ஓராண்டை ஒட்டியே அடைந்துவிடுகிறது. வெயில் குறைந்த இடத்திலும், பழைய முறையில் செய்த தகட்டுக்கும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகலாம்.

இதை நம் விடுதி மாடிக்குக் கொண்டுவருவோம். மாணவர்களே, எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிலோவாட் தகடுகள் வைத்தால், ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் வீதம் 12 யூனிட். ஆண்டுக்கு 4,300 யூனிட்டுக்குச் சற்று மேல். ஆண்டுதோறும் திறன் நூற்றுக்கு அரைப்பங்கு குறையும் என்று கழித்தாலும், 25 ஆண்டுகளில் சுமார் 1 இலட்சம் யூனிட். கடன் அடைய இரண்டு முழு ஆண்டுகள் ஆகும் என்றே கடுமையாக வைத்துக்கொள்வோம். எட்டாயிரத்துச் சொச்சம் யூனிட் கடனுக்குப் போகும். 90,000 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

ஆயினும் இந்த விடைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. தகட்டின்மேல் தென்னையின் நிழல் விழுந்தால், ஒரு தகட்டின் குறை அதனோடு தொடுத்த மற்றவற்றையும் பிடித்து இழுக்கும். தூசி படிந்தால் வரவு குறையும். வெப்பம் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவில் திறன் இறங்கும். ஆகையால் தகட்டின் அடியில் காற்றோட்டம் வேண்டும். நேர்மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் புதுப்பிக்க நேரும். மின்கலத் தொகுதி சேர்த்தால் அதற்கும் தனிக் கடன் உண்டு. கவனிப்பாரற்ற தகடு கடனாளியாகவே சாகலாம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். ஆற்றல் கணக்கு வேறு, பணக் கணக்கு வேறு, புகைக் கணக்கு வேறு. மூன்றையும் ஒரே ஏட்டில் கலப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆற்றல் கடன் ஓராண்டில் அடைவதால், போட்ட பணமும் ஓராண்டில் வந்துவிடாது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்தக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். புகைக் கணக்கைப் பொறுத்தவரை, நிலக்கரி மின்சாரத்தால் செய்த தகட்டுக்கும் புகைக்கடன் உண்டு. ஆனால் 2014-இல் ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழு வெளியிட்ட அறிக்கையில், வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்த நடு மதிப்பு, யூனிட்டுக்குக் கூரைத் தகட்டுக்கு 41 கிராம் கரியமில வாயு. நிலக்கரிக்கு 820 கிராம். நிலக்கரி நிலையம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பத்தை ஒவ்வொரு நாளும் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

எந்த ஏட்டிலும் ஏறாத கணக்கு ஒன்றுண்டு. அது மனித உழைப்பின் கணக்கு. சீனாவின் சின்சியாங் பகுதியில் கட்டாய உழைப்பு நடைபெறுகிறது என்ற குற்றச்சாட்டின்மேல், அங்கிருந்து வரும் பொருள்களைத் தடுக்க 2021-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. சிலிக்கானும் அதில் முதன்மையாகக் கருதப்பட்டது. கட்டாய உழைப்பின் வலி அறிந்த நாம், வாங்கும் தகடு எங்கே, யாரால் செய்யப்பட்டது என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். ஆயுள் முடிந்த தகட்டை உடைத்துப் பிரிக்கப்போவது யார் கை என்பது அடுத்த கேள்வி. ஊரார் கழிவெல்லாம் நம் தலையில் ஏற்றப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சூரியத் தகடும் சேர்க்கப்பட்டுள்ளது. பொறுப்பு உற்பத்தியாளருக்கு உரியது. அதை எழுத்தில் பெற்ற பின்பே வாங்க வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர், 1943-இல் மின்சாரக் கொள்கைக் குழுவில் தலைமையேற்றுப் பேசினார். மலிவான மின்சாரம் தாராளமாகக் கிடைத்தாலன்றித் தொழில் வளராது, தொழில் வளர்ந்தாலன்றி வறுமை தீராது என்பது அவர் வாதத்தின் சாரம். மின்சாரத்தை அவர் ஏழையின் விடுதலையோடு சேர்த்து எண்ணினார்.

இளைஞர்களே! தகடு அமைக்கலாம் என்பது என் கருத்து; முடிவு செயற்குழுவினுடையது. நான் உங்களிடம் வேண்டுவது வேறு. மாடியில் தகடு ஏறும் நாளில் அதன் அருகே ஒரு குறிப்பேடும் ஏறட்டும். நாள்தோறும் விளைந்த யூனிட்டை விடுதி மாணவர் ஒருவர் அதில் எழுதட்டும். ஈராண்டு கழித்து, கேள்வி கேட்ட பெரியவரையே அழைத்து அந்த ஏட்டை அவர் கையில் கொடுப்போம். கடன் அடைந்ததா இல்லையா என்று அவரே கூட்டிப் பார்த்துச் சொல்லட்டும். இம்முறை ஏடு நம் கையில் இருக்கிறது.