செவிக்கு ஒரு வழி, வானுக்கு ஒரு வழி



கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து சென்றால் அலவத்துகொட என்னும் ஊர் வரும். தெருவுக்கு மேலே குன்றுகள். குன்றுகளின் சரிவுகளிலே வீடுகள். வீடுகளைச் சூழக் கமுகும் பலாவும், மரங்களைப் பற்றியேறும் மிளகுக் கொடியும். அத்தகைய சரிவொன்றிலே என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கின்றது. அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் வீட்டு முகட்டிலிருந்து எதிரேயுள்ள பலாமரத்துக்கு ஏறக்குறைய 20 மீற்றர் நீளமான செப்புக் கம்பி ஒன்று கட்டப்பட்டிருக்கும். துணி உலர்த்துவதற்கு இவ்வளவு உயரத்திலே கொடி எதற்கு என்று அயலார் கேட்பதுண்டு. அது துணிக்கொடியன்று, 7 மெகாஹேர்ட்ஸ் சிற்றலைக்குரிய வான்கம்பி. நண்பர் அமெச்சூர் வானொலி அனுமதி பெற்றவர்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணினியிலிருந்து வெளிவரும் ஒலியை வானொலிப் பெட்டிக்கும் அறையிலுள்ள ஒலிபெருக்கிக்கும் எவ்வாறு பிரித்துக் கொடுப்பது என்பதே அது. இரண்டு முழக் கம்பியின் சங்கதிக்கு ஒரு சொற்பொழிவா என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்த இரண்டு முழக் கம்பி என் நண்பரை நான்கு மாத காலம் அலைக்கழித்தது. அதன் கதையைச் சொல்வதற்கு முன்னர், அவர் ஏன் அதிலே இறங்கினார் என்பதைச் சொல்லவேண்டும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே டித்வா சூறாவளி இந்நாட்டைத் தாக்கிற்று. கண்டி மாவட்டத்திலே மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து வீடுகளை மூடின. உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. மின்சாரம் அற்றது, தெருக்கள் துண்டிக்கப்பட்டன, பல ஊர்களிலே கைபேசிகள் ஊமையாயின. நண்பரின் எண்ணுக்கு நான் இரண்டு நாட்கள் முயன்றும் மணி அடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் குரலைக் கேட்டபோது அவர் முதலிற் சொன்னது இதுதான்: "வானொலிப் பெட்டி வேலை செய்தது. மோட்டார் வண்டியின் பற்றரியிலே ஓட்டினேன். ஆனால் பெயர்களை வாயாற் சொல்லிச் சரியாகச் சேர்ப்பிக்க இயலவில்லை."

இதன் பொருளைச் சிறிது விளக்குகிறேன். காணாமற் போனோர் யார், பாதுகாப்பாக இருப்போர் யார் என்னும் பட்டியலை இரைச்சல் மிகுந்த சிற்றலையிலே குரலால் அனுப்பும்போது பாத்திமா பாத்துமாவாகிறாள், விஜேரத்ன ஜயரத்னவாகிறான். மறுமுனையிலே காத்திருக்கும் தாய்க்கு அந்த ஓர் எழுத்து உலகத்தையே மாற்றிவிடும். எழுத்தாகவே அனுப்பினால் இக்குழப்பம் பெரிதும் நீங்கும். எழுத்தாக அனுப்பக் கணினி வேண்டும். கணினியை வானொலிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். நண்பரின் முயற்சி அங்கே தொடங்கிற்று.

சிற்றலை ஆபத்துக் காலத்திலே உதவுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்போடு சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். மலைநாட்டுக்கோ சிற்றலை இன்னும் பொருத்தமானது. கையடக்கப் பெட்டிகளின் அதியுயர் அதிர்வெண் அலை குன்றிலே முட்டி நின்றுவிடும். 7 மெகாஹேர்ட்ஸ் அலையைத் தாழ்ந்த கம்பியிலிருந்து நேரே மேல்நோக்கி அனுப்பினால், அது அயன மண்டலத்திலே பட்டுக் குடையைப் போல விரிந்து இறங்கும். குன்றுக்குப் பின்னாலிருப்பவருக்கும் கேட்கும்; திருகோணமலையில் இருப்பவருக்கும் கேட்கும். பலாமரத்தின் உயரமே அதற்குப் போதுமானது.

இனிக் கம்பியின் கதைக்கு வருவோம். கணினி எழுத்தை எவ்வாறு வானொலி வழியே அனுப்புகின்றது? அதனை ஒலியாக்கி அனுப்புகின்றது. 1990களின் இறுதியிலே பீற்றர் மார்ட்டினெஸ் என்னும் ஆங்கிலேய அமெச்சூர் வானொலியாளர் உருவாக்கிய பீ.எஸ்.கே.31 என்னும் முறையிலே, சீழ்க்கை போன்ற ஒரே சுருதி வினாடிக்கு 31 தடவைக்கு மேல் தன் நிலையை மாற்றி எழுத்துகளை உணர்த்தும். இன்று உலகெங்கும் பரவியுள்ள எப்.ரி.8 என்னும் முறை 2017இல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர்களுள் ஒருவர் ஜோசப் டெய்லர், 1993இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற வானியல் அறிஞர். எட்டுச் சுருதிகளிலே, 15 வினாடிக்கு ஒரு முறை, மனிதச் செவிக்கு எட்டாத அளவு மெலிந்த செய்தியைக்கூட அது மீட்டுத் தரும். நீண்ட செய்திக்கு அது உதவாது. ஒரு முறைக்கு ஒரு சிறு வரிதான். மின்னஞ்சலையே வானொலி வழியே கொண்டுசெல்லும் வின்லிங்க் போன்ற ஏற்பாடுகள் வேறு உள்ளன. எம்முறையாயினும் கணினியின் ஒலி, பெட்டியின் மைக் துளைக்கோ அதன் பின்புறத்துத் தரவுத் துளைக்கோ போயாக வேண்டும்.

கணினியிலே ஹெட்போன் துளை ஒன்றுதான் இருந்தது. அதிலே வானொலிப் பெட்டியின் கம்பியைச் செருகினால் கணினியின் ஒலிபெருக்கி வாயடைத்துவிடும். என்ன அனுப்புகிறோம் என்பது நண்பருக்குக் கேளாது. ஆதலால் அவர் கண்டிக்குச் சென்று, ஒன்று இரண்டாகக் கவர்விடும் ஸ்பிளிட்டர்க் கம்பி ஒன்றை வாங்கினார். ஒரு கவர் வானொலிப் பெட்டிக்கு. மறு கவர் மேசையிலுள்ள ஒலிபெருக்கிக்கு. இரண்டும் ஒலித்தன. அன்று மாலை அவருக்கு இருந்த பூரிப்பை நான் நேரிற் கண்டேன்.

மறுநாள் திருகோணமலையிலிருந்து ஒரு வானொலி நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், நேற்றிரவு நீங்கள் அனுப்பிய பாட்டு நல்ல தெரிவு. ஆனால் பாட்டு ஒலிபரப்புவதற்குக் கொழும்பிலே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார்.

நடந்தது இதுதான். நண்பரின் பெட்டியிலே, ஒலி வந்தவுடன் தானாகவே அனுப்பத் தொடங்கும் வொக்ஸ் என்னும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. நண்பர் இராச் சாப்பாட்டுக்கு எழுந்து சென்றார். பேரன் வந்தான், கணினியிலே திரைப்பாட்டு ஒன்றைப் போட்டான். ஒலிபெருக்கிக்குப் போன பாட்டு மற்றக் கவர் வழியே வானுக்கும் போயிற்று. அமெச்சூர் வானொலி தற்பயிற்சிக்கும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும் நிலையங்கள் தம்முள் செய்தி பரிமாறுவதற்கும் உரியது. பொதுமக்களுக்கு இசை ஒலிபரப்புவது அதன் எல்லைக்குப் புறம்பானது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்கிய அனுமதிப் பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டியிருப்பவருக்கு இது சிறு வெட்கமன்று. அவர் பெயரை நான் இங்கே சொல்லாமலிருப்பதற்கும் அதுவே காரணம்.

வொக்ஸை நிறுத்தியதோடு வில்லங்கம் தீர்ந்ததா? இல்லை. அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. பீ.எஸ்.கே. முறையிலே அவர் அனுப்பிய எழுத்துகள் சில நாட்கள் தெளிவாய்ச் சென்றன. சில நாட்கள் சிதைந்து சென்றன. சிதைந்த நாட்களிலே பக்கத்து அலைகளில் இருப்போருக்கும் இடைஞ்சல். பெட்டி பழுது என்று ஒருவர் சொன்னார். வான்கம்பி பழுது என்று மற்றொருவர் சொன்னார். பழுது அவருடைய செவியிலே இருந்தது. ஆம், மழை ஓட்டிலே பெய்யும்போது ஒலிபெருக்கி கேட்கவில்லை என்று கணினியின் ஒலி மட்டத்தை உயர்த்துவார். அதே மட்டம்தான் வானொலிப் பெட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. ஹெட்போன் துளையிலே ஒரு வோல்ற்று வரையில் வரக்கூடும். மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ற்று. அளவு மிஞ்சினால் சுருதி வெட்டுண்டு சிதறும். இரவு வீட்டார் உறங்கும்போது மட்டத்தைக் குறைப்பார்; அனுப்பும் வலு படுத்துவிடும். செவிக்கு வேண்டிய அளவு வேளைக்கு வேளை மாறுவது. பெட்டிக்கு வேண்டிய அளவோ ஒரே நிலையாய் நிற்கவேண்டியது. ஒரே திருகியினால் இருவர் பசியையும் ஆற்ற இயலுமா?

இந்த நுட்பத்தை ஒலிபரப்புக் கலையகத்தார் நெடுங்காலமாக அறிவர். இசைத்தட்டுக் காலத்திலே, ஒரு பாட்டு வானிலே போய்க்கொண்டிருக்கும்போதே அறிவிப்பாளர் அடுத்த தட்டின் தொடக்கத்தைத் தம் ஹெட்போனிலே கேட்டு முள்ளைச் சரியான இடத்தில் வைத்துக்கொள்வார். நேயர்களாகிய உங்களுக்கு அது கேளாது. அவர் தம் ஹெட்போனின் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உங்கள் வீட்டு வானொலியிலே மாற்றம் இராது. செவிக்குப் போகும் வழியும் அனுப்பு நிலையத்துக்குப் போகும் வழியும் மேசையிலேயே பிரிந்துவிடுகின்றன. பிரிவது கம்பியின் நுனியிலன்று, ஊற்றிலே. நண்பருக்கு இதை நான் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் எனக்கு இரண்டாவது ஊற்று வேண்டும்" என்றார்.

இரண்டாவது ஊற்று எளிதிலே கிடைப்பது. யூ.எஸ்.பி. துளையிலே செருகும் சிறு சவுண்ட் கார்ட் ஒன்று, பெருவிரல் அளவினது. அதைச் செருகினால் கணினிக்கு இரண்டு ஒலி வாயில்கள் உண்டாகின்றன. வானொலி மென்பொருளுக்கு இரண்டாவது வாயிலை ஒதுக்கிவிட்டு, பாட்டும் மணியோசையும் பழைய வாயிலாலேயே போகும்படி விடலாம். அண்மைக் காலத்துப் பெட்டிகள் பலவற்றிலே இந்தக் கார்ட் உள்ளேயே அமைந்திருக்கின்றது, ஒரு யூ.எஸ்.பி. கம்பியே போதும். நண்பரின் பெட்டி பழையது.

இங்கே ஒரு பொறி இருக்கின்றது. பலர் அதிலே விழுகிறார்கள். புதிய கார்ட்டைச் செருகியவுடன், இதுவே இனித் தலைமை வாயில் என்று கணினி தானாகத் தீர்மானித்துவிடுவதுண்டு. அப்போது பாட்டு, மணியோசை யாவும் வானொலிப் பெட்டிக்கே திரும்பிவிடும். முன்னிருந்த நிலையிலும் கேடு. ஆகவே கார்ட்டைச் செருகியபின் ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, தலைமை வாயில் மேசை ஒலிபெருக்கியே என்று மீண்டும் குறிக்க வேண்டும்.

இடது பக்க ஒலியைப் பெட்டிக்கும் வலது பக்க ஒலியை ஒலிபெருக்கிக்கும் கொடுத்து ஒரே கார்ட்டினால் சமாளிப்போரும் உளர். மென்பொருளின் ஒலி இடது பக்கமாய் மட்டும் போகும். பேரனின் பாட்டோ இரு பக்கமும் போகும். அதனால் அம்முறையை நான் ஒப்புவதில்லை.

இனிப் பெட்டிக்குப் போகும் கம்பி. ஒலியைப் பெட்டிக்கு ஏற்ற அளவுக்குத் தணிக்க இரண்டு தடைகள் போதும்: தொடரிலே 10,000 ஓம், அதன் பின் நிலத்துக்கு 100 ஓம். ஒரு வோல்ற்று ஏறக்குறைய 10 மில்லிவோல்ற்றாகும். நண்பர் இத்தடைகளைப் பழைய வானொலிப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றி எடுத்தார். பழைய பாகங்களைக் கொண்டு புதியது செய்வது இந்நாட்டு வானொலியின் பிறப்பிலேயே உள்ள குணம்; 1923இல் எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலே நடத்திய முதற் சோதனை, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டே நடந்தது.

அடுத்தது உறுமல். வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் துடிப்பு, கணினியின் சார்ஜர் வழியாகவும் பெட்டியின் மின்வழங்கி வழியாகவும் வளையமிட்டு ஒலியிலே கலந்துவிடும். சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் குற்றவாளி அதுவே. இரு பக்கமும் 600 ஓம் உடைய சிறு ஒலி ட்ரான்ஸ்போமர் ஒன்றை இடையே வைத்தால், ஒலி கடக்கும். கணினிக்கும் பெட்டிக்கும் உலோகத் தொடர்பு இராது. தடைகளை அதற்குப் பின், பெட்டியின் பக்கமாக வைப்பது நன்று. மற்றொன்று: கணினியின் ஸ்டீரியோத் துளையிலே ஒற்றை ஒலிச் செருகியைப் போடலாகாது, அது வலது பக்கத்தை நிலத்தோடு சேர்த்துவிடும். ஸ்பிளிட்டரைத் திருப்பிப் பிடித்து இரண்டு கணினிகளின் ஒலியை ஒன்றாகக் கலக்க முயல்வதும் கூடாது. ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும்.

எல்லாம் முடிந்த பின் மட்டத்தைப் பார்ப்பது எப்படி? பெட்டியின் முகத்திலே ஏ.எல்.சி. என்னும் அளவுமானி உண்டு. அனுப்பும்போது அது அசைந்தும் அசையாமலும் இருக்கும் இடத்திலே கார்ட்டின் மட்டத்தை நிறுத்தி, அதன்பின் அதைத் தொடாதிருக்க வேண்டும். மேசை ஒலிபெருக்கிக்குத் தனித் திருகி உண்டு, மழைக்கேற்பத் திருகிக்கொள்ளலாம். தாம் அனுப்புவதைக் கேட்க விரும்பினால் பெட்டியிலேயே மொனிற்றர் என்னும் பொத்தான் இருக்கின்றது. நண்பர் நான்கு மாதமாக அதைக் கண்டும், எதற்கென்று எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற மாதம் நான் அங்கே போயிருந்தேன். வான்கம்பியைக் கழற்றிவிட்டு, அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கி விழுங்கும் 50 ஓம் போலிச் சுமையைப் பெட்டியிலே பூட்டினார். வொக்ஸ் நிறுத்தப்பட்டிருந்தது. அனுப்பும் விசையைத் தாமே அழுத்திப் பிடித்துக்கொண்டார். பக்கப்பட்டை முறையிலே ஒலி இல்லையேல் வலுவும் இல்லை. ஆதலால் மானியின் முள் பூச்சியத்திலே நின்றது. "தம்பி, உன் பாட்டைப் போடு" என்று பேரனைக் கூப்பிட்டார். அவன் தயங்கினான். முன்பு பட்ட ஏச்சு அவனுக்கு மறக்கவில்லை. "போடு, போடு" என்றார்.

பாட்டு மேசை ஒலிபெருக்கியிலே உரத்து எழுந்தது. நாங்கள் மூவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பல்லவி முடிந்தது, சரணம் முடிந்தது. முள் அசையவில்லை.

நண்பர் விசையை விட்டார். போலிச் சுமையைக் கழற்றி வான்கம்பியைப் பூட்டினார். பின்பு திருகோணமலைக்கு எழுத்திலே ஒரு வரி அனுப்பினார்: இருபது பெயர்கள், கற்பனைப் பெயர்கள், முதலெழுத்தோடு. சில நிமிடங்களிலே அந்த இருபதும் திரையிலே திரும்பி வந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஆசிரியத் தொழிலின் பழக்கத்திலே, ஒவ்வொரு பெயராய்ச் சரி பார்த்தார். இருபதும் சரியாயிருந்தன.